காட்டைக் காத்த தாகம்

சிங்கப்பூருக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அங்குள்ள தெலுக் ஆயர் வீதியில் நாகூர் தர்காவின் கட்டடம் 1830ஆம் ஆண்டிலேயே எழுந்து நின்றது. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நாகூரிலும் அந்நாட்டில் உறவினரைப் பெற்ற குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ சென்று ஒரு மாதம் தங்கித் திரும்பும் பெற்றோரிடம், “என்னென்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். முஸ்தபா கடை, செந்தோசாத் தீவு, மிருகக்காட்சிச் சாலை, விமான நிலையத்தின் பளபளப்பு என்று விடை வரும். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, ஓர் ஏரியைச் சுற்றிப் பதினோரு கிலோமீட்டர் காட்டுவழியில் நடந்தோம் என்று சொல்பவர் மிகச் சிலரே. அந்த வழியைப் பற்றித்தான் தங்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

அதன் பெயர் மெக்ரிச்சி நீர்த்தேக்கம். சிங்கப்பூர்த் தீவின் பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர்தான். மனிதன் கை வைக்காத ஆதிக்காடு அதில் ஒரு சதவிகிதம் கூட எஞ்சவில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி இந்த நீர்த்தேக்கத்தையும் அதன் அண்டையிலுள்ள மற்ற மூன்று நீர்த்தேக்கங்களையும் சூழ்ந்தே நிற்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் அழிந்துபோன காடு இங்கு மட்டும் எப்படித் தப்பியது? அழகுக்காக எவரும் அதைக் காக்கவில்லை. தாகத்துக்காகக் காத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிங்கப்பூரைச் சற்று எண்ணிப் பாருங்கள். உள்நாட்டுக் காடுகளை அழித்துச் சீனக் குடியானவர்கள் கேம்பியர் என்னும் செடியைப் பயிரிட்டனர். வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் பயன்பட்ட சரக்கு அது. இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க விறகு வேண்டும். விறகுக்கு மேலும் காடு வேண்டும். காய்ச்சிய இலையின் சக்கை அருகிலிருந்த மிளகுக் கொடிகளுக்கு உரமாயிற்று. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். அதனை அப்படியே போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். விட்டுச் சென்ற நிலத்தில் லாலாங் என்னும் புல் மண்டியது.

நகரத்தில் தண்ணீருக்குத் தவிப்பு. கிணற்று நீரை மாட்டு வண்டிகளில் ஏற்றி விற்றார்கள். நாகூர் தர்காவுக்குச் சற்றுத் தொலைவிலுள்ள பகுதிக்கு இன்றும் ‘க்ரேத்தா ஆயர்’ என்றே பெயர். மலாய் மொழியில் ‘தண்ணீர் வண்டி’ என்று பொருள். இந்நிலையைக் காணப் பொறாத தான் கிம் செங் என்ற சீன வணிகர், நகருக்கு நல்ல நீர் கொண்டுவருவதற்காக 1857இல் 13,000 டாலர் நன்கொடை அளித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் திட்டம் இழுபட்டது. அணை 1868இல்தான் எழும்பியது. குழாய்களும் இறைப்பு எந்திரங்களும் அமைந்து நீர் ஓட மேலும் பத்தாண்டுகள் சென்றன. அதற்குள் வள்ளல் மறைந்துவிட்டார். அவர் நினைவாக 1882இல் ஒரு நீரூற்றுச் சிலையை எழுப்பினார்கள். அது இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. குடிநீருக்குக் கொடுத்தவருக்கு நீரூற்றை எழுப்பி நன்றி சொன்னது சிறு ஆறுதலே! நீர்த்தேக்கத்துக்கோ, பின்னாளில் அதனை விரிவுபடுத்திய நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சியின் பெயரை 1922இல் சூட்டினார்கள்.

அணை கட்டிய பின்னர் ஓர் உண்மை புலனாயிற்று. சுற்றிலும் மரமில்லையேல், வெப்பமண்டலத்து மழை மேட்டு மண்ணை அரித்துக்கொண்டு வந்து ஏரியைத் தூர்த்துவிடும். மரமிருந்தால் மழையின் வேகத்தை இலைகள் தாங்கும். தரையிலே கிடக்கும் சருகு பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, மெல்ல மெல்லக் கசியவிடும். வேர்கள் மண்ணைப் பிடித்து வைக்கும். ஆகவே ஏரியைச் சூழ்ந்த நிலத்தை நீர்ப்பிடிப்புப் பகுதியென்று ஒதுக்கி, எவரும் வெட்டலாகாது என்று தடுத்தார்கள். வேலிக்கு உள்ளே எஞ்சியிருந்த ஆதிக்காட்டுத் துண்டுகள் தப்பின. பயிரிட்டுக் கைவிடப்பட்ட மேடுகளிலும் நாளடைவில் புதுக்காடு எழுந்தது.

தண்ணீரின் விலையை அத்தீவு 1942இல் மீண்டும் உணர்ந்தது. சனவரி 31 அன்று, ஜப்பானியர் வரவைத் தடுக்க ஜோகூர்ப் பாலத்தைப் பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தபோது, அதனோடு வந்த குடிநீர்க் குழாயும் அறுந்தது. எஞ்சியவை தீவின் நடுவிலுள்ள நீர்த்தேக்கங்களே. அவையும் எதிரியின் கைக்குப் போயின. பிப்ரவரி 15இல் நகரம் சரணடைந்ததற்கு நீர்த் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம். அப்போரில் ஜப்பானியரை எதிர்த்து மறைந்திருந்து பணியாற்றி, 1944இல் சிறையிலே உயிர்நீத்த லிம் போ செங் என்பாரின் கல்லறை இந்த ஏரிக்கரையிலேயே அமைந்துள்ளது. நடைவழி தொடங்குமிடத்துக்கு அருகில்தான். சற்று நின்று செல்லுங்கள்.

இனி நடப்போம். கால்டெகாட் ரயில் நிலையத்திலிருந்து லோர்னி சாலைப் பக்கமாக ஏரிப் பூங்காவுக்குக் கால்நடையாகவே வந்துவிடலாம். சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாதி வழி கடந்துவிடலாம். தொடக்கத்தில் நீரை ஒட்டி மரப்பலகைகள் பாவிய நடைபாதை. வயதானவர்களும் எளிதில் நடக்கலாம். நீரோரத்தில் ஆமைகள் வெயில் காயும். அப்பால் பாதை காட்டுக்குள் திரும்பிவிடும். மண்ணும் வேரும் கல்லுமான ஏற்ற இறக்கங்கள். இங்கே செருப்பணிந்து நடப்பது உசிதமன்று. மழை பெய்தால் களிமண் சறுக்கும். முழு வட்டத்தையும் சுற்ற நான்கு, ஐந்து மணி நேரம் பிடிக்கும். பிள்ளைகள் களைத்துவிடுவார்கள் என்று தோன்றினால், வீனஸ் டிரைவ் என்னும் வேறு வாயிலிலிருந்து தொடங்குங்கள். ஆறேழு கிலோமீட்டரில் முடிந்துவிடும்.

கிளைப்பாதைகளுக்கு மரங்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெத்தாய் என்பது அவ்வூர் மக்கள் சம்பலில் இட்டுச் சமைக்கும் நெடிமிக்க அவரை போன்ற காயின் மரம். ஜெலுத்தோங் என்பது வானளாவ நிமிரும் மரம். அதன் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யக் கப்பலேற்றினார்கள். 1992 முதல் சூயிங்கம் விற்பனைக்கே தடை விதித்த நாட்டில் அம்மரத்தின் பெயரை இக்காட்டின் காட்சிக் கோபுரம் தாங்கி நிற்பது வேடிக்கைதான்!

வழியின் சிகரம், இரு குன்றுகளை இணைக்கும் தொங்குபாலம். 2004இல் திறந்தார்கள். நீளம் 250 மீட்டர். காட்டுத் தரையிலிருந்து உயரம் 25 மீட்டர் வரை. ஒருவர் பின் ஒருவராகத்தான் செல்ல முடியும். ஒருவழிப் பாதை, ஆகையால் ஏறிவிட்டால் திரும்ப இயலாது. உயரத்துக்கு அஞ்சுபவர் இதனை முன்னரே அறிந்திருப்பது நலம். கீழே நடக்கையில் மரங்களின் தண்டை மட்டுமே கண்டு வந்த நமக்கு, இங்கே அவற்றின் தலைகள் காலடியில் விரிகின்றன. தூரத்தில் ஏரி தகடுபோல் மின்னும். பொது விடுமுறை நாளாக இல்லாவிடில் திங்கட்கிழமைகளில் பாலம் மூடியிருக்கும். மற்ற நாட்களிலும் மாலை ஐந்து மணியோடு அடைத்துவிடுவார்கள்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீண்ட வாலுடைய அக்குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே தின்பண்டம் என்று கண்டுகொள்ளும். தின்பண்டத்தை வெளியில் தெரியாவண்ணம் தோள்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரக்கப்பட்டு வாழைப்பழம் நீட்டிவிடாதீர்கள். காட்டு விலங்குக்கு உணவளித்தால், 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கே 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். சட்டம் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மனிதன் கையில் தின்று பழகிய குரங்கு பிறகு வீடுகளுக்குள் புகுகிறது, முடிவில் அதற்கே கேடு நேர்கிறது.

மரத்தண்டில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும் கொலுகோவைக் காண்பதற்குக் கூர்ந்த கண் வேண்டும். கை, கால், வால் அனைத்தையும் இணைக்கும் தோலை விரித்து நூறு மீட்டருக்கும் மேல் சறுக்கிப் பறக்கும் பிராணி அது. பகலில் அசையாது, தங்களைவிடத் தங்கள் பேரப்பிள்ளைகளே அதனை முதலில் கண்டுபிடிப்பார்கள். பட்டைக் குரங்கைக் காண்பதோ பெரும் பேறு. கருமையான உடல், தொடையின் உட்புறத்தில் வெண்ணிறப் பட்டை. சிங்கப்பூரிலும் மலாயாத் தீபகற்பத்தின் தென்பகுதியிலும் மட்டுமே வாழும் இனம். சிங்கப்பூரில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

அக்குரங்கின் கதையைக் கேளுங்கள். 1986இல் முடிவுற்ற புக்கிட் தீமா விரைவுச்சாலை, இந்தக் காட்டையும் அடுத்திருந்த புக்கிட் தீமாக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பக்கத்தில் எஞ்சியிருந்த கடைசிப் பட்டைக் குரங்கு 1987இல் மரத்தைவிட்டுத் தரைக்கு இறங்கியபோது நாய்களுக்கு இரையாயிற்று. சாலைக்கு மேலே மண்ணிட்டு மரம் நட்டு, விலங்குகள் கடப்பதற்கென்றே ஒரு பாலத்தை அரசு 2013இல் அமைத்தது. நல்ல செயல்தான், ஆனால் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து வந்தது.

தாகத்துக்காகக் காத்த காட்டின்மேல் வேறு தேவைகளின் கண்ணும் அவ்வப்போது விழுந்தே வருகிறது. 1992இல் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தருகே கோல்ஃப் மைதானம் அமைக்க முனைந்தனர். சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தார் வாழும் உயிரினங்களையெல்லாம் கணக்கெடுத்து அறிக்கை தந்தனர், ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர், திட்டம் கைவிடப்பட்டது. 2013இல் மற்றொன்று: தீவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் புதிய ரயில் பாதை இந்தக் காட்டுக்கு அடியில் செல்லும் என்று அறிவித்தனர். சுற்றிச் செல்லுங்கள் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டனர். ஆறு ஆண்டுகள் ஆராய்ந்து, 2019 டிசம்பரில் அரசு நேர்வழியையே தேர்ந்தது. சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம் காட்டுக்கடியில் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் செல்லும். காட்டின் தரைமீது கட்டுமானம் எதுவும் இராது. மண் பரிசோதனைக்காகக் காட்டுக்குள் போட எண்ணியிருந்த துளைகளையும், எதிர்ப்புக்குப் பின் 72இலிருந்து 16ஆகக் குறைத்தனர்.

அரசின் கூற்றையும் புறந்தள்ள இயலாது. சுற்றுவழிக்கு மேலும் ஏறக்குறைய 200 கோடி டாலர் செலவாகும். பல வீடுகளுக்கடியில் சுரங்கம் செல்ல நேரும். ஆனாலும் முதல் அறிவிப்பின்போது எவரும் வாய் திறவாதிருந்தால், அத்துளைகள் குறைந்திருக்குமா என்பதே எம் ஐயம். நேர்வழியால் ரயில் பயணிக்கு மிச்சமாகும் நேரம் ஆறு நிமிடம். தொங்குபாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நின்று நிதானித்து நடந்தால் பிடிக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவே.