மையமில்லா நிதி: புதியவர் கற்க வேண்டிய முறை

வங்கியும் சங்கமும் இன்றியே கடன் பெறலாம், பணம் போட்டு வட்டி வாங்கலாம் என்று கூறும் 'மையமில்லா நிதி' பற்றி அங்கத்தினர் பலர் கேள்வியுற்றிருப்பர். இதனை அறியவே வேண்டாமென ஒதுக்குவதும் தகாது. அறியாமலே பணத்தை இடுவதும் தகாது. எதனை, எவ்வரிசையில் கற்பது என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதற்கண் அடிப்படையை அறிதல் வேண்டும். நமது சங்கத்தின் பேரேடு அலுவலகத்தில் இருக்கிறது. தணிக்கையாளர் அதனைச் சோதிக்கிறார். பிளாக்செயின் எனப்படும் பேரேட்டின் படிகளோ உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் உள்ளன. எவரும் படிக்கலாம், தனியொருவர் திருத்துதல் அரிது. சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் 2008 அக்டோபர் 31 அன்று, பிட்காயின் நாணயத்திற்கு இத்தகைய பேரேட்டினை 9 பக்கங்களில் விளக்கினார். 2015 ஜூலையில் தொடங்கிய எத்தீரியம், ஒப்பந்த விதிகளையும் பேரேட்டிலேயே எழுதி, அவை தாமே நிறைவேறுமாறு செய்தது. அதன் நாணயம் ஈதர் எனப்படும்.

இரண்டாவது, நூல்களும் வகுப்புகளும். மேற்கூறிய 9 பக்கங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-இல் காரி ஜென்ஸ்லர் நடத்திய 'பிளாக்செயினும் பணமும்' என்னும் வகுப்புகளையும் கட்டணமின்றிக் காணலாம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஏட்டில் 2021-இல் ஃபேபியன் ஷேர் எழுதிய கட்டுரை, இந்நிதியின் அமைப்பைப் படிப்படியாக விளக்குகிறது. மறுபக்கத்தையும் அறிதல் வேண்டுமன்றோ? பன்னாட்டுத் தீர்வு வங்கி 2021 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, 'மையமில்லை' என்பதே ஒரு மாயை என வாதிக்கிறது. நமக்கு ஆளுக்கொரு வாக்கு; அங்கே பெரும்பாலும் நாணயத்திற்கொரு வாக்கு. ஆகவே அதிகாரம் சிலரிடம் குவிகிறது.

மூன்றாவது, பயிற்சி. எத்தீரியத்தில் சோதனை வலையமைப்புகள் உண்டு. அங்கு வழங்கும் ஈதருக்கு விலையில்லை. புதிய நெசவாளி கழிவு நூலில் கை பழகுவதுபோல, புதியவர் இதில் பழகலாம்.

நான்காவது, நேர்ந்த நஷ்டங்களைக் கற்றல். மேக்கர் என்னும் திட்டத்தில் 100 டாலர் கடனுக்குக் குறைந்தது 150 டாலர் பெறுமான ஈதரை ஈடு வைக்க வேண்டியிருந்தது. ஈட்டின் மதிப்பு அவ்வளவுக்குக் கீழே இறங்கினால் அது ஏலத்திற்கு வந்துவிடும். தவணை கேட்க ஆளில்லை. 2020 மார்ச் 12 அன்று ஈதரின் விலை ஒரே நாளில் நூற்றுக்கு 40-க்கு மேல் வீழ்ந்தபோது, சில ஈடுகள் ஏறக்குறைய விலையின்றியே ஏலம் போயின. ஆங்கர் என்னும் மற்றொரு திட்டம் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 20 வட்டி அளித்து வந்தது. அதற்கு ஆதாரமான டெர்ரா நாணயம் 2022 மே மாதத்தில் சரிந்தது. பல நாட்டு மக்களின் சேமிப்பு சில தினங்களில் அழிந்தது. இவ்வட்டி எவர் கையிலிருந்து வருகிறது என்று கேட்டறியாதவரே பெரிதும் இழந்தனர்.

நம் நாட்டில் இவ்விலாபத்திற்கு 2022 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 30 வருமான வரி உண்டு. நஷ்டத்தைக் கழித்துக்கொள்ள இயலாது. வங்கி வைப்புக்குரிய காப்புறுதியும் இதற்கில்லை. கணக்கின் திறவுகோலாகிய 12 அல்லது 24 இரகசியச் சொற்களைத் தொலைத்தவருக்குப் பணம் மீளாது. அவற்றைக் கேட்பவர் எவராயினும் வஞ்சகரே.

இந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலம் பயின்ற நம் பிள்ளைகள் படித்து, சங்கக் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை மற்றவர்க்கு விளக்கலாம். 1844-இல் ராச்டேலில் கடை திறந்த முன்னோடிகள், பின்னர் உபரியில் நூற்றுக்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். அவர்களிலும் நெசவாளர் இருந்தனர். அறிவுக்குச் செலவிடும் மாலைகள் வீண்போகா. அறியாமல் இட்ட பணமோ திரும்புவது அரிது.