நேற்று 124, இன்று 136

நேற்றுக் காலை வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 124. இன்று 136. இடையில் வந்த இந்தப் பன்னிரண்டை யார் தலையில் கட்டுவது? திருகோணமலை லிங்கநகரில் சீனி வருத்தக்காரர் உள்ள வீடென்றால் பதில் உடனே வரும். “ராத்திரி பிட்டு ஒரு பிடி கூடிப்போச்சு” என்பார் ஒருவர். “அதில்லை, ரெண்டு நாளா நடக்கப் போகேல்லை” என்பார் இன்னொருவர். சிலர் மாத்திரையில் பாதியைத் தாங்களாகவே கூட்டியும் விடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பிட்டும் நடையும் இதில் குற்றவாளிகளே அல்ல. அந்தப் பன்னிரண்டு ஒரு மாற்றமே இல்லை.

முதலில் நாட்டுக் கணக்கு. 2005–2006இல் நடந்த பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு, இருபது வயதைத் தாண்டிய இலங்கையரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்றது. ஆனால் அது ஏழு மாகாணங்களின் கணக்கு. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அதாவது பல ஆண்டுகளாக மேடைக்கு மேடை சொல்லப்பட்ட அந்த 10.3இல் திருகோணமலை ஆள் ஒருவர்கூட இல்லை. 2018–2019இல் நாடளாவிய இன்னொரு ஆய்வு வந்தது. வளர்ந்தோரில் 23.0 வீதத்தினருக்கு நீரிழிவு, 30.5 வீதத்தினர் அதன் வாசற்படியில். இரண்டு ஆய்வுகளின் முறையும் ஒன்றல்ல, அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. என்றாலும் நூறு பேரில் ஐம்பத்து மூன்று பேருக்குக் காலைச் சீனி ஒரு பேச்சுப்பொருள் என்றாகிறது. வீட்டுக்கு வீடு சீனி பார்க்கும் மெஷின் இருப்பதில் வியப்பில்லை.

அந்த மெஷினிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 2013இல் வந்த ஐஎஸ்ஓ 15197 தரவிதி இதைச் சொல்கிறது. உண்மையான அளவு 100க்குக் கீழே என்றால் டெசிலீற்றருக்கு 15 மில்லிகிராம் முன்பின் போகலாம். 100உம் அதற்கு மேலும் என்றால் 15 வீதம் முன்பின். நூறு தடவை பார்த்தால் தொண்ணூற்றைந்து தடவை இந்த எல்லைக்குள் நின்றால் போதும், மெஷின் தேர்ச்சி. உடம்பில் இருப்பது சரியாக 130 என்று வைப்போம். 111 தொடங்கி 149 வரை எதைக் காட்டினாலும் மெஷின் தன் வேலையைச் செய்திருக்கிறது. 124உம் 136உம் அந்த 130இன் இரண்டு பக்கத்தில், ஆளுக்கு ஆறு தள்ளி நிற்கின்றன. ஒரே விரலில், ஒரே நிமிடத்தில், இரண்டு ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்தாலே இந்த வித்தியாசம் வரலாம்.

இனி உடம்பின் பங்கு. அமெரிக்காவில் 1988–1994இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் ஒரு பகுதியினரைச் சில வாரம் விட்டு மறுபடி சோதித்திருந்தார்கள். அந்தத் தரவை வைத்து 2007இல் வெளியான கட்டுரையின்படி, ஒரே ஆளின் வெறுவயிற்றுச் சீனி சராசரியாக 5.7 வீதம் தானாக ஆடுகிறது. அவர்கள் நீரிழிவு கண்டறியப்படாதவர்கள். வருத்தம் உள்ளவருக்கு ஆட்டம் இன்னும் கூடத்தான் இருக்கும். விடியுமுன் கோர்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறுகின்றன, ஈரல் தன் கையிருப்புச் சீனியை அவிழ்த்து விடுகிறது. இரவு ஒன்றும் சாப்பிடாதவருக்கும் காலையில் ஏறுவது இதனால்தான். ஆறு மணிக்குப் பார்ப்பவர் மறுநாள் ஏழரைக்குப் பார்த்தால் இலக்கம் வேறாகத்தான் வரும்.

மெஷினின் ஆட்டத்தை 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். உடம்பின் 5.7ஐ அதோடு அப்படியே கூட்டுவதில்லை. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 7.6 வீதம் வரும். இரண்டு நாள் அளவுகள் உண்மையாகவே வேறுதானா என்று சொல்ல ஆய்வுகூடக்காரர் இதை 2.77ஆல் பெருக்குவார்கள். கிடைப்பது 21 வீதம். 130இல் இருப்பவருக்கு அது 27 மில்லிகிராம். ஆக, 130இலிருந்து 157க்குப் போனால்தான் ஒரு தனி இலக்கம் வாய் திறக்கிறது. அதுவரை அது முணுமுணுப்புத்தான்.

தனி இலக்கம் ஊமை என்றால் அளவைக் குறித்துவைக்கும் கொப்பியை மூடிவிடலாமா? வேண்டாம், கூட்டிப் பாருங்கள். ஒரு கிழமைக் கொப்பி இப்படி இருக்கிறதென்று வைப்போம்: 128, 141, 119, 133, 125, 137, 127. கூட்டினால் 910, ஏழால் பிரித்தால் 130. நடுவில் வரும் 141ஐயும் 119ஐயும் பார்த்து ஒருநாள் பயமும் மறுநாள் கொண்டாட்டமும் தேவையில்லை. ஏழு நாள் சராசரியில் தற்செயலான ஆட்டம் ஏழின் வர்க்கமூல அளவுக்கு, அதாவது 2.65 மடங்கு சுருங்குகிறது. 27 என்ற வாசல் 10க்கு இறங்கிவிடும். அடுத்த மாதக் கிழமையின் சராசரி 135 என்றால் ஒன்றும் நடக்கவில்லை. 146 என்றால் டொக்டரிடம் கொப்பியைத் திறந்து காட்டவேண்டிய செய்தி. மூன்று நாள் மட்டும் பார்ப்பவருக்கு வாசல் 16. மெஷினே எப்போதும் கூட்டியோ குறைத்தோ காட்டும் ரகமென்றால் சராசரி அந்தப் பிழையைத் திருத்தாது. ஆனால் மெஷினை மாற்றாதவரை இரண்டு கிழமைகளுக்கும் பிழை ஒன்றே.

இப்போது காசு. ஸ்ட்ரிப் எல்லாம் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியபோது பாமசியில் இதன் விலை எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விலை கடைக்குக் கடை, ரகத்துக்கு ரகம் மாறுவதால் கணக்குக்காக 50 ஸ்ட்ரிப் உள்ள போத்தல் 5,000 ரூபாய் என்று வைப்போம். ஒன்று 100 ரூபாய் என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஓட்டை. பல ரகங்களில் மூடி திறந்த நாளிலிருந்து 90 நாள்தான் ஆயுள். கிழமைக்கு ஒரு தரம் பார்ப்பவர் அந்த 90 நாளில் 13 ஸ்ட்ரிப் பாவிப்பார். மீதி 37 குப்பைக்கு. அவருக்கு ஒரு அளவீட்டின் விலை 385 ரூபாய். போதாததற்கு, அங்கங்கே சிதறிய அந்தப் பதின்மூன்றில் ஒன்றை வைத்து ஒன்றோடு ஒப்பிடவும் முடியாது.

மாதக் கிளினிக்குக்கு முந்திய ஏழு நாள் மட்டும், தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் மூன்று மாதத்துக்கு 21. ஒன்று 238 ரூபாய். வீட்டில் இரண்டு பேர் என்றால் 42 செலவாகும், விலை 119க்கு இறங்கும். போத்தல் பொதுவாக இருக்கலாம்; மெஷினும் பொதுவென்றால் ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். குத்தும் ஊசியும் பேனாவும் ஒருபோதும் பொதுவல்ல, மஞ்சட்காமாலை பி அப்படியும் வீட்டுக்குள் பரவலாம். தனி ஆளென்றால் 25 உள்ள சின்னப் போத்தல் கேளுங்கள். திறந்த திகதியைப் பேனையால் போத்தலிலேயே எழுதுங்கள். தினமும் பார்த்தால் நல்லதுதானே என்பவர்களுக்கு: வட கரோலினாவில் இன்சுலின் போடாத 450 பேரை ஒரு வருடம் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் விரல் குத்தியவருக்கும் குத்தாதவருக்கும் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

போத்தலை எங்கே வைப்பது என்பதும் செலவுக் கணக்கில் வரும். பெரும்பாலான லேபிளில் 30 பாகைக்கு மேல் கூடாது என்றிருக்கும். ஆனி, ஆடியில் திருகோணமலைப் பகல் 33ஐச் சாதாரணமாகத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே சொல்லவே வேண்டாம். பிரிட்ஜுக்குள் வைத்தால் வெளியே எடுக்கும்போது ஈரம் பிடிக்கும். அலுமாரியின் கீழ்த்தட்டில், அடுப்படிக்குத் தூரமாக, மூடியை இறுக்கி வைப்பது நல்லது. கையும் முக்கியம். 2011இல் யப்பானிய மருத்துவர்கள் தோடம்பழம், திராட்சை, கிவி உரித்த விரலில் சீனி பார்த்தார்கள். வருத்தமே இல்லாதவருக்கு நீரிழிவுக்கார அளவு வந்தது; மதுசாரம் தோய்த்த பஞ்சால் துடைத்தும் சரிவரவில்லை, தண்ணீரில் கழுவிய பிறகுதான் இலக்கம் இறங்கியது. மாம்பழக் காலத்தில் இதை நினைவில் வைத்தால் ஒரு ஸ்ட்ரிப்பாவது மிஞ்சும்.

ஆய்வுகூடத் துண்டில் 115, வீட்டில் 130 என்றால் மெஷினைத் திட்டாதீர்கள். குழாயில் எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் விட்டால் அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 வீதம் சீனியைத் தின்றுவிடும். இரண்டு மணித்தியாலத்தில் 130 தானாகவே 115.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. 70க்குக் கீழே போனால் அது சின்ன வித்தியாசமல்ல. 15 கிராம் சீனியைக் கரைத்துக் குடித்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும், ஸ்ட்ரிப் கணக்கு அங்கே வராது. இன்சுலின் போடுபவரும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்பவரும் எத்தனை தரம் பார்ப்பதென்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எல்லையே வேறு: 2013இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த கோடு 92. அதுவும் நாளத்தில் எடுத்து ஆய்வுகூடம் பார்த்த 92, விரல்நுனி 92 அல்ல.