மதுவிலக்கும் ஊரொற்றுமையும்

குடிப்பழக்கம் குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே கெடுப்பது. அதினின்று மீள்வதும் ஊர் கூடிச் செய்யவேண்டிய காரியமென்பதைக் கனடா தேசத்துச் சிற்றூர் ஒன்றின் சரித்திரம் விளக்குகின்றது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஆல்கலி லேக் என்னும் ஊர் உளது. அங்கு வசிப்போர் செக்வெப்மக் என்னும் பூர்வகுடியினர். அவர்தம் குழந்தைகள் பல தலைமுறைகளாகப் பெற்றோரினின்று பிரிக்கப்பட்டு, 1981 வரை நடந்த விடுதிப் பள்ளியொன்றில் வளர்க்கப்பட்டனர். தாய்மொழியும் முன்னோர் வழிபாடும் அங்குத் தடுக்கப்பட்டன. அத்துயரோடு சாராயமும் சேரவே, 1970-ஆம் ஆண்டையொட்டி வயது வந்தோர் ஏறக்குறைய அனைவரும் குடிக்கு அடிமைப்பட்டிருந்தனர்.

1972-இல் பில்லிஸ் செல்ஸி என்னும் மாது குடியை விட்டார். அவர் கணவர் ஆண்டி செல்ஸியும் விரைவில் விட்டார். பின்னர் ஊர்த் தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். தொடக்கத்தில் அவர்களைப் பின்பற்றினோர் மிகச் சிலரே. எனினும், குடியை விட்டோர் கூடிப் பேசும் கூட்டம் தவறாது நடந்துவந்தது.

அவர்கள் கைக்கொண்ட முறைகள் கவனிக்கத்தக்கன. அரசாங்க உதவிப் பணம் சாராயத்திற்குச் செல்லாதபடி, ரொக்கத்திற்குப் பதிலாக உணவுப் பொருள்களுக்குரிய சீட்டு வழங்கப்பட்டது. கள்ளத்தனமாகச் சாராயம் விற்றோர், போலீஸாரின் உதவியுடன் அடையாளமிட்ட நோட்டுகளால் பிடிக்கப்பட்டனர். சிகிச்சைக்குச் சென்றவரின் பிள்ளைகளை ஊரார் பேணினர், வீட்டையும் செப்பனிட்டனர். திரும்பி வந்தவருக்கு வேலையும் தேடித் தந்தனர். ஆகவே, குணமடைந்து மீண்டவர் பழைய வறுமைக்கும் பழைய கூட்டுறவுக்கும் திரும்ப நேரவில்லை.

குடி நீங்கிய இடத்தில் முன்னோர் வழக்கங்கள் புத்துயிர் பெற்றன. காய்ச்சிய கற்களின்மேல் நீர் வார்த்து, எழும் ஆவியில் அமர்ந்து பிரார்த்திக்கும் குடில் மீண்டும் அமைக்கப்பட்டது. முரசும் பாட்டும் இளைஞருக்குக் கற்பிக்கப்பட்டன. தம் குலத்தைக் குறித்த வெட்கம் நீங்கிப் பெருமிதம் பிறந்தது.

1985-ஆம் ஆண்டளவில் ஊராருள் மிகப் பெரும்பாலோர் மதுவை விட்டிருந்தனர். துன்பங்கள் யாவும் அதனோடு தீர்ந்துவிடவில்லை. பள்ளி நாட்களில் பட்ட கொடுமைகளைப் பலர் வாய்விட்டுக் கூறும் துணிவு பெற்றதே குடி நின்ற பின்னர்தான். அக்காயங்களை ஆற்றுதற்கும் ஊரே துணை நின்றது.

குடியை விட முயலும் அங்கத்தினரை ஏளனம் செய்யாது, அவர் குடும்பத்தையும் தொழிலையும் சிலகாலம் தாங்கும் பொறுப்பைக் கிராமச் சங்கங்கள் ஏற்பின், அவரது உறுதி நிலைக்கும். நல்லுபதேசம் ஒருநாள் கேட்கப்படும். அயலாரின் துணையோ நாள்தோறும் வேண்டப்படுவது.