பிள்ளைக்கு இடப்பெறுமானம் சொல்லிக்கொடுப்போம்



ஒரு டிவிஷனில் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் எங்களிடம் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். அன்றைக்கு அவருடைய கொழுந்து நிறுவை 23 கிலோ. சாக்குக்கும் தண்ணிக்கும் 4 கிலோ கழித்திருந்தார்கள். மிச்சம் எவ்வளவு என்று மூன்றாம் தரத்தில் படிக்கும் மகளிடம் கேட்டிருக்கிறார். பிள்ளை 23 ஐ எழுதி, அதற்குக் கீழே 4 ஐ எழுதி, கோடு போட்டு, 21 என்று விடை எழுதியிருந்தது. தாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் 19 தான் வருகிறது. "படிக்கிற புள்ள கணக்கு சரியா, என் வெரல் கணக்கு சரியா?" என்று கேட்டார்.

விரல் கணக்குத்தான் சரி. ஆனால் அந்தப் பிள்ளை மக்குப் பிள்ளை அல்ல. நூறு வரைக்கும் கடகடவென்று சொல்கிறது. 4 இலிருந்து 3 ஐக் கழித்தால் 1 என்பதும் அதற்குத் தெரியும். மேலே சின்ன எண்ணும் கீழே பெரிய எண்ணும் இருந்ததால் திருப்பிப் போட்டுக் கழித்துவிட்டது. 23 இல் இருக்கிற 2 என்பது இரண்டு அல்ல, இரண்டு பத்து, அதை உடைத்து எடுக்கலாம் என்பது மட்டும் அதற்குப் படவில்லை. இதைத்தான் பாடசாலையில் இடப்பெறுமானம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து அதன் பெறுமானம் மாறும். இது விளங்காமல் மேல் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாமே மனப்பாடமாகத்தான் இருக்கும். பிறகு தசமத்தில் வந்து மாட்டிக்கொள்ளும்.

உங்கள் பிள்ளைக்கு இது விளங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் கமி என்ற கல்வியாளர் 1980 களில் அமெரிக்கப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தது இது. பதினாறு புளியங்கொட்டையைப் பிள்ளைக்கு முன்னால் வையுங்கள். எண்ணச் சொல்லி, 16 என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 6 ஐத் தொட்டு, "இதுக்கு எத்தனை கொட்டை? எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். ஆறு கொட்டையை எடுத்து வைக்கும். அடுத்து 1 ஐத் தொட்டு அதே மாதிரிக் கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் ஒரே ஒரு கொட்டையைத்தான் எடுக்கும். மிச்சம் ஒன்பது கொட்டை சும்மா கிடக்கும், அதைப்பற்றி அதற்குக் கவலையே இராது. அப்படிச் செய்தால் ஏசாதீர்கள். எங்கேயிருந்து தொடங்க வேணும் என்பதைப் பிள்ளையே உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இனிச் சொல்லிக்கொடுக்கும் விதம். இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டின மலையில் மிலாறு கிடக்கும். மெல்லிய குச்சியாகப் பார்த்து ஒரே அளவில் நூற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒடித்து வையுங்கள். ஒரு கை நிறைய அள்ளிப் போட்டு, எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். ஒன்று ஒன்றாக எண்ணும், நடுவில் யாராவது கூப்பிட்டால் மறந்துவிடும், திரும்ப முதலிலிருந்து எண்ணும். அந்தக் கரைச்சலைப் பிள்ளை ஒருதரம் பட்டால்தான் கட்டுக் கட்டுவதன் அருமை தெரியும். பிறகு பத்துப் பத்தாக நூலால் கட்டச் சொல்லுங்கள். மூன்று கட்டும் நாலு தனிக்குச்சியும் வந்தால், "மூணு பத்து, நாலு ஒண்ணு. முப்பத்தி நாலு" என்று வாயால் சொல்ல வையுங்கள். கட்டுகளை நீங்கள் கட்டிக் கொடுக்கக் கூடாது. பிள்ளையே கட்ட வேணும், பிள்ளையே அவிழ்க்க வேணும். நான்கைந்து நாள் போனாலும் பரவாயில்லை, இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

நமது தமிழ் இதற்கு நல்ல துணை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபது என்றால் இரு பத்து. முப்பது, நாற்பது, ஐம்பது என்று எண்பது வரைக்கும் பேரிலேயே பத்து இருக்கிறது. இங்கிலீஷில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள பேரில் பத்து இருப்பது காதுக்குத் தெரியாது.

ஆனால் ஓர் இடத்தில் நமது தமிழும் காலை வாரிவிடும். எட்டுக்கு அடுத்தது ஒன்பது. எண்பதுக்கு அடுத்தது ஒன்பது பத்து என்றல்லவா வர வேணும்? தொண்ணூறு என்று வருகிறது, அதில் நூறு என்ற சத்தம் கேட்கிறது. எண்ணூறுக்கு அடுத்ததோ தொள்ளாயிரம், அதில் ஆயிரம் கேட்கிறது. 89 வரைக்கும் ஒழுங்காக வந்த பிள்ளை அங்கே தடுமாறினால் அது பிள்ளையின் குற்றம் இல்லை. ஒன்பது கட்டை எடுத்து வைத்து, "ஒன்பது பத்து, இதுக்குத்தான் தொண்ணூறுனு பேரு" என்று சொல்லிக் காட்டுங்கள். பிறகு 99 குச்சியோடு ஒரு குச்சியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்பது தனிக்குச்சி பத்தாகி ஒரு கட்டாகும். அந்தக் கட்டோடு பத்துக் கட்டாகி ஒரு பெரிய கட்டாகும். ஒரே ஒரு குச்சி வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அடுத்த சிக்கல் பூச்சியம். "நூத்தி அஞ்சு எழுது" என்றால் சில பிள்ளைகள் 1005 என்று எழுதும். நூறை எழுதி, பக்கத்தில் ஐந்தை எழுதிவிடும். காதில் விழுந்தபடி எழுதுகிறது, அவ்வளவுதான். நமது முன்னோரும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினார்கள். பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி அடையாளம் இருந்தது. 105 ஐ ௱௫ என்று எழுதினார்கள், 25 ஐ ௨௰௫ என்று எழுதினார்கள். பூச்சியமே தேவைப்படவில்லை. இப்போது நாம் எழுதும் முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனி அடையாளம் கிடையாது, நிற்கிற இடம்தான் அடையாளம். ஆகையால் பத்து ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த இடத்தைக் காலியாக விட முடியாது. விட்டால் 105, 15 ஆகிவிடும். "பூச்சியத்துக்கு மதிப்பே இல்லை" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அது இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதை விளக்குவதற்குப் பழைய கலண்டர் மட்டையில் சீட்டு வெட்டலாம். மூன்று விரல் அகலத்தில் 100, இரண்டு விரல் அகலத்தில் 40, ஒரு விரல் அகலத்தில் 5 என்று ஒவ்வொரு விரலுக்கும் ஓர் இலக்கம் வரும்படி எழுதுங்கள். 100 க்கு மேலே வலது பக்கம் ஒட்டினாற்போல 40 ஐ வைத்து, அதற்கு மேலே 5 ஐ வைத்தால் 145 தெரியும். 40 ஐ எடுத்துவிட்டு 5 ஐ மட்டும் வையுங்கள். நடுவில் பூச்சியம் தானாக வெளியே தெரியும், 105. நூறுக்குள்ளே இரண்டு பூச்சியம் ஒளிந்திருப்பதையும், ஐந்து வந்து கடைசிப் பூச்சியத்தின் மேல் உட்காருவதையும் பிள்ளை கண்ணால் பார்க்கும்.

குச்சிக்கட்டில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேணும். கட்டை வலது பக்கம் வைத்தாலும் இடது பக்கம் வைத்தாலும் அது பத்துத்தான். எழுதுகிற இலக்கம் அப்படி இல்லை. ஆகவே குச்சி பழகின பிறகு, ஒரே மாதிரியான மணியை வைத்துக் காட்ட வேணும். பாடசாலையில் இதற்கு எண்சட்டம் இருக்கும். வீட்டில் களிமண் உருண்டையில் இரண்டு குச்சியை நட்டு, பழைய செருப்பு றப்பரை வட்டமாக வெட்டி ஓட்டை போட்டுக் கோர்த்தால் போதும். ஒரே வட்டம் வலது குச்சியில் ஒன்று, இடது குச்சியில் பத்து. வலது குச்சியில் ஒன்பதுக்கு மேல் ஏற்றக் கூடாது. பத்தாவது வந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இடது குச்சியில் ஒன்று போட வேணும்.

காசை வைத்தும் செய்யலாம். ஒரு ரூபாக் குற்றி, பத்து ரூபாக் குற்றி, நூறு ரூபாத் தாள் மூன்றும் சரியாகப் பொருந்தும். ஆனால் காசைத் தொடக்கத்திலேயே எடுக்காதீர்கள். பத்து ரூபாக் குற்றி ஒரு ரூபாக் குற்றியைப்போல் பத்து மடங்கு பெரிதாக இல்லை, பிள்ளை நம்பித்தான் ஆக வேணும். குச்சிக்கட்டில் நம்ப வேண்டியதில்லை, அவிழ்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது அந்தத் தாயின் கணக்குக்கு வருவோம். 23 என்றால் இரண்டு கட்டும் மூன்று தனிக்குச்சியும். நாலை எடுக்க வேணும், தனியாக மூன்றுதான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு கட்ட அவுக்கட்டுமா?" என்று கேட்கும். அவிழ்த்தால் ஒரு கட்டும் பதின்மூன்று தனிக்குச்சியும். நாலை எடுத்தால் ஒரு கட்டும் ஒன்பதும் மிச்சம், 19. இதை நாம் "கடன் வாங்கிக் கழித்தல்" என்று படித்தோம். எங்களுக்கு அந்தப் பேர் பிடிப்பதில்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேணும், இதில் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கடைக்காரரிடம் இப்படிக் கடன் கேட்டால் விடுவாரா? கட்டை அவிழ்ப்பது என்றே சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் ஆசிரியர் வேறு பேர் சொன்னாலும் பிள்ளைக்கு விஷயம் விளங்கியிருக்கும்.

1 இலிருந்து 100 வரைக்கும் பத்துத்தரம் எழுது என்று தண்டனை போல் கொடுப்பதால் இது வராது. கையெழுத்து வேண்டுமானால் திருந்தும். நீங்கள் படிக்காதவர் என்று பின்வாங்கவும் தேவையில்லை. கொழுந்துக் கணக்கும் கடைக் கணக்கும் மனதில் போடுகிறவருக்குப் பத்துக் குச்சியைக் கட்டத் தெரியாதா? மலையால் வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கால்மணி நேரம் போதும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தாலும் நல்லது, இரண்டு பேருக்கும் விளங்கும்.

மூன்று இலக்கம் பழகின பிறகு ஆயிரத்துக்குப் போகலாம். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று 2021 மார்ச் மாதம் வர்த்தமானியில் வந்தபோது, அதற்கு முன் எத்தனையோ வருஷம் அந்த ஆயிரத்தைக் கேட்டுக் கோஷம் போட்டதைப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆயிரம் ரூபாவுக்கு எத்தனை பத்து ரூபாக் குற்றி என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். நூறு என்று சொன்னால் பத்தும் நூறும் ஆயிரமும் அதற்குப் பிடிபட்டுவிட்டது. இல்லாவிட்டால் பெரிய கட்டை மறுபடி எடுங்கள்.

அவிழ்த்த குச்சிகளைத் திரும்பக் கட்டி ஒரு டின்னில் போட்டு உயரத்தில் வையுங்கள். அடுத்த நாள் அந்திக்கும் வேணும். விடியக்காலையில் அடுப்புப் பற்றவைக்கிற ஆளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒரு வீட்டில் முந்நூற்றுச் சொச்சம் குச்சியும் தேத்தண்ணி கொதிக்க வைக்கப் போய்விட்டது.