முழங்காலுக்கு ஒரு சமாதானம்!

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வரும் பெண்மணிகளின் கண் எப்போதும் தராசின் மேல்தான் இருக்கும். நியாயம்தானே! கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பார்களா, மலைக்கோட்டையை அண்ணாந்து பார்ப்பார்களா?

மார்க்கெட்டிலிருந்து பெரிய கடைவீதியோடு வடக்கே நடந்தால் சிறிது நேரத்தில் மலையடிவாரம் வந்துவிடும். ஆனால் உள்ளூர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஏறினேன். இப்போது எங்கே? முழங்கால் விடமாட்டேன் என்கிறதே!" என்பார்கள்.

அந்த முழங்காலைச் சற்றுச் சமாதானப்படுத்தலாம், வாருங்கள். எவரெஸ்ட் சிகரம் 29,000 அடிக்கு மேல். 1984-இல் பச்சேந்திரி பால் அதில் ஏறிய முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 2023-இல் நம் தமிழ்நாட்டு முத்தமிழ்ச்செல்வியும் ஏறிவிட்டார். நம் மலைக்கோட்டையோ சுமார் 273 அடிதான். படிகள் நானூற்றுச் சொச்சம். கயிறும் வேண்டாம், கோடரியும் வேண்டாம். அவசரம் மட்டும் கூடாது.

அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுப் படியில் கால் வைத்தால், கூரை போட்ட செங்குத்தான வழி. பத்துப் பதினைந்து படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்குங்கள். பின்னால் வரும் வாலிபர்கள் முந்திக்கொண்டு போகட்டுமே!

பாதி மலையில் தாயுமானவர் சந்நிதி. செட்டிப் பெண் ரத்னாவதிக்குப் பிரசவ வேளை; காவிரியில் வெள்ளம்; அக்கரையில் தவிக்கும் தாயாரால் வர முடியவில்லை. சிவபெருமானே தாயாரின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஐதீகம். வெள்ளம் வடிந்து நிஜத் தாயார் வந்து நின்றபோது அந்த வீட்டில் எப்படி விழித்திருப்பார்கள்! சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் இன்றும் இங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள். மகளுக்காகத் தாய் ஏறி வந்து வேண்டிக்கொள்ளும் மலை இது. கர்ப்பிணிகளும் இருதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

இன்னும் மேலே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில். கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் சிற்பம் அங்கே இருக்கிறது. பக்கத்திலுள்ள கல்வெட்டுச் சொல்லும் விஷயம் நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது. கீழே ஓடும் காவிரியின் அழகில் கணவர் மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயமாம். அதனால் பிறந்தகத்தை விட்டு இந்த மலைக்கே வந்து தங்கி, அந்த ஆறு பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்!

குகையைத் தாண்டினால் வெட்டவெளிப் பாறை. காற்று பிய்த்துக்கொண்டு போகும். உச்சிவெயிலில் வந்தால் வெறுங்காலில் ஒரு நடனமே ஆட வேண்டியிருக்கும். ஆகையால் காலையிலோ மாலையிலோ வாருங்கள். திருவிழா நாட்களில் குழந்தைகளின் கையை விடாதீர்கள். 1849-இல் உற்சவக் கூட்டத்தில் பீதி ஏற்பட்டு, இந்தப் படிகளில் நெரிசலில் சிக்கிச் சுமார் 250 பேர் மாண்டுபோனார்கள். மலை ஒன்றும் செய்யவில்லை. முந்திச் செல்லும் அவசரம்தான் உயிரைக் குடித்தது.

இதோ உச்சிப் பிள்ளையார்! விபீஷணன் இலங்கைக்கு எடுத்துச் சென்ற ரங்கநாதரைக் காவிரிக்கரையில் இறக்கி வைத்துவிட்டு, அவன் துரத்தியபோது ஓடிவந்து இங்கே உட்கார்ந்துகொண்டாராம். தலையில் ஒரு குட்டும் வாங்கினாராம். வடக்கே பார்த்தால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் தெரியும். 1987-இல் பூர்த்தியான அதன் உயரம் 236 அடி. நீங்கள் ஏறி வந்த மலை அதைவிட உயரம் என்பதை முழங்காலுக்குச் சொல்லி வையுங்கள்!

இறங்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஏறுவதில் மூச்சுக்குத்தான் வேலை. இறங்குவதில் மூட்டுக்கு வேலை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக வாருங்கள்.

வாரம் தவறாமல் இரண்டு கையிலும் காய்கறிப் பை சுமக்கிறவர்களுக்கு, வெறுங்கையோடு ஒரு மணி நேரம் மலை ஏறுவது பெரிய காரியமா என்ன? ஒரு நாள் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். "எங்கே போயிருந்தாய்?" என்று வீட்டில் கேட்டால், "உச்சிக்கு!" என்று சொல்லுங்கள்.