கேட்டலும் கீழ்ப்படிதலும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், உங்கள் கோவில் பிரசங்கத்தில் எப்போது பார்த்தாலும் கீழ்ப்படிதல், கீழ்ப்படிதல் என்கிறார்களே. கடவுள் என்ன, ஆபீசில் இருக்கிற மேலதிகாரியா?" அருகில் நின்ற கல்லூரி மாணவன் சிரித்தான். அவனுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் போதகன் அல்ல. முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த உதாரணங்களும் அந்த உலகத்தைச் சேர்ந்தவைதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். "இவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்று ஒரு தாய் குறைப்பட்டால், பையனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. தமிழில் கேட்பது என்றாலே கேட்டபடி நடப்பது என்ற பொருளும் உண்டு. வேதாகமத்தின் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரெய மொழியிலும் இப்படித்தான். ஷெமா என்ற சொல் கேட்பதையும் குறிக்கும், கீழ்ப்படிவதையும் குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியிலும் கீழ்ப்படிதலுக்கான சொல் 'கேள்' என்ற வினையிலிருந்தே பிறந்தது. ஆகவே கீழ்ப்படிதல் தொடங்கும் இடம் பயம் அல்ல, காது. நமக்கு நன்மை நினைக்கும் ஒருவர் பேசுகிறார் என்று நம்பிக் கேட்பதுதான் அதன் முதல் படி.

நாம் நினைக்கிற மேலதிகாரிக்கும் கடவுளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கிறிஸ்தவ நம்பிக்கையின்படி, கீழ்ப்படிந்தால்தான் கடவுள் நம்மை நேசிப்பார் என்பதில்லை. அவர் முதலிலேயே நேசித்துவிட்டார். அதற்கு நாம் தரும் பதில்தான் கீழ்ப்படிதல். தம்மிடம் அன்பு உள்ளவர்கள் தம் கட்டளைகளைக் கைக்கொள்வார்கள் என்று இயேசு சீஷர்களுக்குச் சொன்னதன் கருத்தும் இதுவே. சம்பளத்துக்காகச் செய்வது ஊழியன் முறை. வீட்டின் மேல் உள்ள பாசத்தால் செய்வது பிள்ளை முறை.

இப்போது ரயில்வேக்கு வருகிறேன். பாதையில் ஓரிடம் பலவீனமாக இருந்தால், அந்த இடத்துக்கு வேகக் கட்டுப்பாடு போடுவோம். நிலைய அதிகாரி அதை 'காஷன் ஆர்டர்' என்ற சீட்டில் எழுதி ரயில் ஓட்டுநரிடம் கொடுப்பார். இத்தனாவது கிலோமீட்டர் முதல் இத்தனாவது கிலோமீட்டர் வரை இருபது கிலோமீட்டர் வேகம்தான் என்று அதில் இருக்கும். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொள்வார். இரவு மூன்று மணிக்கு அவர் அந்த இடத்துக்கு வரும்போது தண்டவாளம் எப்போதும் போலத்தான் பளபளக்கும். அடியில் மண் இறங்கியிருப்பது இன்ஜினில் இருந்து பார்த்தால் தெரியாது. வண்டியோ ஏற்கெனவே தாமதம். ஆனாலும் வேகத்தைக் குறைக்கிறார். ஏன்? பாதையில் இறங்கி நடந்து பார்த்த ஒருவர் அதை எழுதியிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கடவுளுக்குக் கீழ்ப்படிவதும் ஏறக்குறைய இப்படித்தான். முன்னால் இருக்கும் பாதையைப் பார்த்தவர் சொல்கிறார் என்ற நம்பிக்கை அது.

கீழ்ப்படிதல் என்றதும் ஆபிரகாமைப் போலப் பெரிய சோதனை வர வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் நமக்குக் கஷ்டம் தருவது சின்ன விஷயங்கள்தான். இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் நாகமான் என்ற சீரிய நாட்டுப் படைத்தலைவனின் கதை இருக்கிறது. குஷ்டரோகம் தீர வேண்டி, வெள்ளியும் பொன்னுமாக எலிசா தீர்க்கதரிசியின் வீட்டு வாசலுக்கு வந்தான். எலிசா வெளியே வரவும் இல்லை. யோர்தான் ஆற்றில் ஏழு முறை குளிக்கும்படி ஆள் அனுப்பிச் சொன்னார். எங்கள் ஊரில் இல்லாத ஆறா என்று நாகமானுக்குக் கோபம். அவனுடைய வேலைக்காரர்கள்தான் புத்தி சொன்னார்கள். பெரிய காரியம் எதையாவது செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இந்தச் சின்னக் காரியத்தைச் செய்தால் என்ன என்றார்கள். போய்க் குளித்தான், சுகமானான்.

நம் வீடுகளில் இருக்கும் யோர்தான் எது? ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கும் அண்ணனுக்கு நாமே முதலில் போன் செய்வது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுப்பது. வருமான வரிக் கணக்கில் இல்லாத வாடகை ரசீதை வைக்காமல் இருப்பது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்ட செய்தியை நம்மோடு நிறுத்திக் கொள்வது. இவற்றுக்கு மாலை மரியாதை கிடையாது. அதனால்தான் கடினமாக இருக்கின்றன.

இதில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1992 டிசம்பர். அப்போது நான் ஒரு சிறிய நிலையத்தில் இருந்தேன். தமிழ் ஆராதனைக் குழுவின் செயலாளரும் நானே. ஒரு சனிக்கிழமை பிற்பகல், யார்டில் பாயின்டுகளைச் சோதிக்க வேண்டிய நாள். கோவிலில் கிறிஸ்துமஸ் அலங்கார வேலை பாக்கி இருந்தது. ஆண்டவர் வேலைதானே என்று கோவிலுக்குப் போய்விட்டேன். பாயின்டுகளைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை காலை கேங் மேட் வந்து, ஒரு பாயின்டில் போல்ட் உடைந்திருந்ததாகவும் மாற்றிவிட்டதாகவும் சொன்னார். விபத்து எதுவும் நடக்கவில்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்கவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் ஆராதனையில் என்னால் தலை நிமிர்ந்து பாட முடியவில்லை. அந்த மேட் வேதாகமத்தைக் கையில் எடுத்தவர் அல்ல. இருந்தும் அன்று கடவுள் விரும்பியதைச் செய்தவர் அவர்தான், நான் அல்ல.

அதற்குப் பிறகே சவுல் ராஜாவின் கதை எனக்கு விளங்கியது. அமலேக்கியரோடு நடந்த போரில் ஆடுமாடு எதையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவனுக்கு வந்த கட்டளை. அவனோ நல்லவற்றை வைத்துக்கொண்டு, பலியிடத்தான் கொண்டு வந்தோம் என்றான். கடவுளுக்குப் பலியைவிடச் சொல் கேட்பதே பிரியம் என்று சாமுவேல் கண்டித்தார். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசுவும் இதையே தொடுகிறார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திவிடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. ஊரைவிட்டு வந்து பிழைக்கும் நமக்கு இது நேரடியான வார்த்தை. கோவில் கட்டட நிதிக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, ஊரில் தனியாக இருக்கும் தாயாரின் மருந்துச் செலவை மறந்தால், அந்தக் காணிக்கை எங்கே போய்ச் சேரும்?

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டுமா? கூடவே கூடாது. எகிப்தில் எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் கட்டளையிட்டான். சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் கடவுளுக்குப் பயந்து அதை மீறினார்கள். அப்போஸ்தலரும் மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று சங்கத்தார் முன் துணிந்து சொன்னார்கள். கடவுள் பெயரைச் சொல்லி ஒருவர் நம்மை அடக்க வந்தால், அது கடவுளிடத்திலும் பிறரிடத்திலும் அன்பை வளர்க்கிறதா என்று உரசிப் பார்க்கலாம். வேதத்தை நிதானமாகப் படிப்பதும், ஜெபத்தில் காத்திருப்பதும், அனுபவப்பட்டவர்களிடம் கேட்பதும் அதற்கு உதவும்.

மனம் ஒப்பாமல் தவிப்பதும் பாவம் அல்ல. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, முடியுமானால் இந்தத் துன்பம் நீங்கட்டும் என்றுதான் ஜெபித்தார். பிறகு பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். கேள்வி கேட்டுவிட்டுக் கீழ்ப்படியலாம். அதற்குக் கடவுள் கோபிப்பதில்லை.

முடிவாக, மீண்டும் தண்டவாளத்துக்கு. வேகக் கட்டுப்பாடு உள்ள இடம் முடிந்த உடனே ஓட்டுநர் வேகம் எடுக்கக் கூடாது. ஒரு ரயிலின் நீளம் தள்ளித்தான், இனி வேகம் எடுக்கலாம் என்ற பலகையை நட்டிருப்போம். இன்ஜின் தாண்டிவிட்டாலும் கடைசிப் பெட்டி இன்னும் அந்தப் பலவீனமான இடத்தின் மேல்தான் இருக்கும். குடும்பத்தில் பெரியவர்களாகிய நாம் இன்ஜின் மாதிரி. இந்தச் சின்னப் பொய்யால் எனக்கு ஒன்றும் ஆகாது, நான் தாண்டிவிட்டேன் என்று நமக்குத் தோன்றலாம். நமக்குப் பின்னால் நம் பிள்ளைகள் வந்து கொண்டிருக்கிறார்கள். அவர்களும் தாண்டும் வரை நிதானமாகவே போவோம்.