வானிலிருந்து இறங்கும் வித்தை

மட்டக்களப்பு வாவியில் தோணி செலுத்துவோர் கச்சான் வீசுகிறதா, வாடை வீசுகிறதா என்று பார்த்த பின்னரே கரையை விட்டுப் புறப்படுவர். ஆகாய விமானத்திலிருந்து குதிக்கப் பழகும் மாணவனுக்கும் காற்றை அறிதலே முதற் பாடமாகும்.

பிரெஞ்சு நாட்டவரான கார்னெரின் 1797ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள், பாரிஸ் நகரின் மேலே பலூனிலிருந்து பாரசூட் மூலம் இறங்கினார். குடையின் உச்சியில் துவாரம் இன்மையால், அடைபட்ட காற்று ஓரங்களின் வழியே பீறிட, அவர் ஊசல்போல் ஆடித் தத்தளித்தார். பிற்காலத்தில் உச்சியில் சிறு துவாரம் அமைத்ததும் ஆட்டம் தணிந்தது. நம் பாரத கண்டத்தில் 1890ஆம் ஆண்டிலேயே வங்காளத்து ராம் சந்திர சட்டர்ஜி பாரசூட்டில் இறங்கிப் புகழ் பெற்றார்.

தடையின்றி விழும் மனிதன் நினைவிழந்துவிடுவான் என்றே பலர் அஞ்சினர். 1919ஆம் ஆண்டு அமெரிக்கரான லெஸ்லி இர்வின், விழுந்துகொண்டே தம் கையாற் கயிற்றை இழுத்துக் குடையை விரித்து அவ்வச்சத்தைப் பொய்யாக்கினார். ஆனால் நிலத்தைத் தொடுகையில் அவருடைய கணுக்கால் முறிந்தது! ஆகவேதான் இன்றும் பயிற்சி வானத்தில் அல்ல, தரையிலே தொடங்குகிறது. கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்று மடித்து, நிலந்தொட்டதும் உருளும் முறையை மாணவர் மேடையிலிருந்து குதித்துக் குதித்துப் பழகுவர். முதற் பாய்ச்சல்களில், விமானத்தோடு பிணைக்கப்பட்ட நாடாவே குடையை இழுத்து விரித்துவிடும். முதற் குடை விரியாவிடினும் உதவ, இரண்டாவது குடையொன்றும் உண்டு.

சிறு கணக்கு ஒன்று பார்ப்போம். வட்டக் குடை விநாடிக்கு ஏறத்தாழ 5 மீற்றர் இறங்குகிறது. 600 மீற்றர் உயரத்தில் விரிந்தால் நிலத்தை அடைய 120 விநாடி செல்லும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகக் காற்று விநாடிக்கு 5 மீற்றர் தள்ளும். அதாவது, இறங்குமுன் 600 மீற்றர் தூரம் அடித்துச் சென்றுவிடும். கல்லடி, நாவலடிப் பக்கங்களில் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். இடையிலோ ஒடுங்கிய நிலம். அங்கே இக்கணக்குத் தவறினால் நீரில் விழ நேரும். நனைந்த துணியும் கயிறுகளும் நீந்துவோனையும் சுற்றிக்கொள்ளும். ஆதலால், நீருக்கு அருகே குதிப்போர் மிதவைச் சட்டை அணிவர். காற்று மிகுந்தால் பாய்ச்சலையே நிறுத்திவிடுவர்.

இந்தியப் பெண்களில் வானிலிருந்து குதித்துப் புகழ் பெற்றவர் ரேச்சல் தோமஸ். 1979இல் தொடங்கிய அவர், 2002இல் வடதுருவத்திலும் குதித்தார். இவ்வித்தை ஆண்களுக்கே உரியதென்று எண்ணுவோர்க்கு அவர் வாழ்க்கையே விடையாகும்.

மாணவச் செல்வங்களே! துணிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு பாய்வதன்று. கயிற்றையும் காற்றையும் பன்முறை சோதித்து, ஐயமெழுந்தால் வெட்கப்படாது திரும்பிவிடுவதும் துணிவேயாம். வாவியில் தோணி விடும் நம் முதியோர் இதனை நெடுங்காலமாக அறிவர்.